சோப்பு டப்பா முதலிடம்

வீட்டில் எல்லோரும் அவளை ‘டிகிரி’ என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தக் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள். வாங்கியதை வைத்து என்ன செய்வது என்று கேட்கத்தான் வீட்டில் ஆளில்லை. தானே தேடிப்பிடித்து இணையத்தில் தரவுப் பகுப்பாய்வு படித்தாள். பாடத்தில் வந்த பயிற்சிக் கணக்குகளோ கழுவித் துடைத்து வைத்த பாத்திரம்போல இருந்தன. நிஜக் கடையின் விற்பனையில் கைவைத்துப் பார்க்க ஆசைப்பட்டு, சித்தப்பாவின் வீட்டுச் சாமான் கடைக்கு, விற்பனையைத் திரையில் படமாகக் காட்டும் டாஷ்போர்டு செய்ய உட்கார்ந்தாள்.

சித்தப்பா அதற்கும் ஒரு வேலை வைத்திருந்தார். “பின்னாடி பொம்மை மூலை ஓடுதா இல்லையான்னு உன் கம்ப்யூட்டர் சொல்லட்டும். ஓடலைன்னா திங்கட்கிழமை அதைத் தூக்கிட்டு நாற்காலி அடுக்கிடறேன்.”

அந்த மூலை, கடையில் சித்தப்பாவுக்கு உதவியாக இருந்த அவள் அக்கா கெஞ்சிக் கேட்டு உருவாக்கியது. “நல்லா இருக்கு. என் பொழப்பு இப்போ தங்கச்சி கையில” என்று சிரித்தாள். ஆனால் கரடிகளை அடுக்கிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

டிகிரி பில் மெஷினில் இருந்த ஒரு வருட விற்பனையை இறக்கி, பொருள்வாரியாகப் பிரித்தாள். மாதத்தைத் தட்டியதும் திரையில் பொருளுக்கு ஒன்றாக விற்பனைக் கம்பங்கள் எழுந்து நின்றபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அப்புறம்தான் பெயர்களைப் படித்தாள். முதலிடம் சோப்பு டப்பா. பொம்மை தரையோடு தரையாகக் கிடந்தது.

“சோப்பு டப்பாவா? அப்போ லாரி நிறைய இறக்கிடுவோம்” என்றார் சித்தப்பா.

அவள் அலமாரிக்குப் போய்ப் பார்த்தாள். தூசி படிந்து சில டப்பாக்கள் தூங்கிக்கொண்டிருந்தன. எங்கோ கணக்குத் தப்பிவிட்டதா? இத்தனை நாள் படித்தேனா, படித்ததாக நினைத்துக்கொண்டேனா?

திரும்பி வந்து, சோப்பு டப்பா விற்ற விலைகளை மட்டும் புள்ளிகளாகப் போட்டாள். ஒரே பொருள், ஒரே விலை. புள்ளிகள் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். அவையோ தூறல் விழுந்த மண்போலத் திரை முழுக்கச் சிதறிக் கிடந்தன. மிதிவண்டி விலைக்கு யார் சோப்பு டப்பா வாங்குவார்கள்? கல்லாவுக்கு ஓடினாள்.

பில் போடுபவருக்கு வேகத்தால் ‘மின்னல்’ என்று பெயர்.

“மின்னல் அண்ணே, இந்த விலைக்கு எந்த சோப்பு டப்பாவை வித்தீங்க?”

அவர் எட்டிப் பார்த்தார். “அது குழந்தைங்க உட்கார்ந்து ஓட்டற பொம்மை காரும்மா. பொம்மையில பார்கோடு ஸ்டிக்கர் சுருண்டுக்குது, மெஷின் படிக்க மாட்டேங்குது. வரிசையில ஆள் நிக்கறப்போ தேடிட்டா இருக்க முடியும்? மெஷின்ல சோப்பு டப்பா ஒண்ணாம் நம்பர். ஒண்ணை அமுக்கி விலையைப் போட்டுடுவேன். பணம் சரியா இருக்குல்ல?”

“பணம் சரிதான். சோப்பு டப்பாவைத்தான் ராஜாவாக்கிட்டீங்க.”

அவள் விலைகளைப் படிக்கப் படிக்க, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து “இது கரடி, அது தள்ளுவண்டி” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நிச்சயமாகத் தெரியாதவற்றை டிகிரி தனி நிறத்தில் ஒதுக்கினாள். அக்காவுக்காகக்கூட ஊகத்தைச் சேர்க்கவில்லை. கடைசியாக விசையில் ஒரு தட்டு. சோப்பு டப்பா சரிந்து விழுந்தது. பொம்மைக் கம்பம் குக்கரையும் பக்கெட்டையும் தாண்டி எழுந்தது. அக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

சித்தப்பா திரையையும் பொம்மை மூலையையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்போ நாற்காலி?”

“வேற இடம் பாருங்க சித்தப்பா” என்றாள் அக்கா.

திங்கட்கிழமை காலை, அக்காவும் தங்கையும் கரடிகளின் கழுத்தில் பார்கோடு அட்டையை நூலில் கட்டிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று டிகிரி தலையை நிமிர்த்தினாள்.

“மின்னல் அண்ணே, ரெண்டாம் நம்பர் என்ன பொருள்?”

மின்னல் அவசரமாக வாடிக்கையாளர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் நூலை வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள்.