பிரேக் போட்டால் மார்க் குறையும்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் மகள் ஓட்டிய கார் ஒரு மனிதர் மேல் ஏறியிருக்கும். ஏறவில்லை. நடுவில் இருந்தது ஒரு முழ இடைவெளி.

பக்கத்து சீட்டில் நான்.

பவித்ராவுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகம் பக்கம் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை. திருவொற்றியூரிலிருந்து தானே கார் ஓட்டிப் போய் வருகிறாள். அன்றைக்கு எண்ணூரில் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்த என்னை, திரும்பும் வழியில் ஏற்றிக்கொண்டாள்.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் இன்ஷூரன்ஸ் கதையைச் சொல்ல வேண்டும். இந்த முறை பாலிசியைப் புதுப்பிக்கும்போது கம்பெனியில் ஏகப்பட்ட கேள்வி. ஓட்டுவது யார், வயது என்ன, என்ன வேலை, வண்டி ராத்திரி எங்கே நிற்கும், பின்கோடு என்ன... என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு விசாரிக்கவில்லை. கடைசியில் ஒரு சலுகை சொன்னார்கள். மகளின் செல்போனில் அவர்களுடைய ஆப்பைப் போட்டுக்கொள்ளலாம். அவள் ஓட்டுவதை அது கவனித்து மார்க் போடும். நல்ல மார்க் என்றால் அடுத்த வருஷம் பிரீமியம் குறையும்.

நல்லதுதானே? வேகமாகப் போனால் மார்க் போய்விடும் என்றால் எந்த அம்மாவுக்குக் கசக்கும்?

ஆனால் அந்த ஆப்புக்குப் பிடிக்காத இன்னொன்றும் உண்டு — சடன் பிரேக். அழுத்தி பிரேக் போடுகிறவர் ரோட்டைப் பார்க்காமல் ஓட்டுகிறவர். அதன் கணக்கு அப்படி.

எங்கள் ரோட்டுக்கு வந்திருக்கிறீர்களா? துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் ஓரமாக வரிசை கட்டி நிற்கும். இரண்டு லாரிக்கு நடுவிலிருந்து எந்த நேரமும் யாராவது வெளியே வருவார்கள். டீ வாங்க, தண்ணீர் பிடிக்க, சும்மா காலாற நடக்க. இங்கே ஒழுங்காக ஓட்டுகிறவர்கள்தான் அடிக்கடி அழுத்தி பிரேக் போடுவார்கள்.

முதல் மாதம் மார்க் மோசம். படிப்பில் எப்போதும் முன்னால் நின்ற பெண் இல்லையா, அவளுக்குப் பொறுக்கவில்லை. “நான் ரவுடி மாதிரி ஓட்டுறேன்னு சொல்லுதும்மா இது” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அப்புறம் பிரேக்கை மெல்ல, பதமாக மிதிக்கப் பழகினாள். மார்க் ஏறியது. சாப்பிடும்போது போனை நீட்டிக் காட்டுவாள். வீட்டில் எல்லோரும் பார்த்துச் சந்தோஷப்படுவோம்.

சரி. செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

லுங்கி கட்டிய ஒருவர், இரண்டு லாரிகளுக்கு நடுவிலிருந்து ரோட்டுக்கு வந்தார். நான் பார்த்தேன். பவித்ராவும் பார்த்துவிட்டாள், அவள் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. கால் பிரேக்குக்குப் போனது. ஆனால்... பதமாகப் போனது. அதற்குப் பிறகுதான் முழு மூச்சாக அழுத்தியது.

டயர் கிறீச்சிட்டது. கண்ணாடி முழுக்க ஏதோ தெறித்தது. அந்த ஒரு கணம் நான் என்ன நினைத்தேன் என்பதை எழுத மாட்டேன்.

டீ. கேரி பேக்கில் கட்டிய பார்சல் டீ.

அவர் இரண்டு கையையும் பானெட்டில் ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு பவித்ரா பக்கத்து ஜன்னலுக்கு வந்தார்.

“இன்னா பாப்பா, வண்டில பிரேக்கு கீதா, இல்ல வூட்லயே வச்சிட்டு வந்துட்டியா?”

“அடி பட்டுச்சாங்க?” என்றேன் நான்.

“எனக்கு ஒண்ணியும் இல்லம்மா. டீ தான் பூட்ச்சி. அங்க டிரைவரு காத்துகினு கீறாரு, கையை வீசிகினு போனா என்னியப் போட்டுப் பேஜார் பண்ணுவாரு.” அதற்குள் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டார். குரல் இறங்கியது. “சர்தான் வுடு. அழுவாத பாப்பா. தண்ணி குடிச்சிட்டு போ.”

சொல்லிவிட்டு மறுபடியும் டீக்கடைப் பக்கம் நடந்தார்.

வண்டியை ஓரம் கட்டினோம். பவித்ரா எஞ்சினை அணைத்துவிட்டுச் சொன்னாள்.

“அவரைப் பாத்தேன்மா. நல்லாவே பாத்தேன்.”

“அப்புறம்?”

“மார்க் போயிடும்னு தோணிச்சு.”

ஒரு மனிதர் எதிரே நிற்கிறார். என் மகளின் காலுக்கும் பிரேக்குக்கும் நடுவில் ஒரு கம்பெனி வந்து உட்கார்ந்திருக்கிறது. அதற்கு வீட்டில் பாயைப் போட்டுக் கொடுத்தவர்கள் நாங்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் போன் சிணுங்கியது. கடுமையான பிரேக், மார்க் குறைக்கப்பட்டது என்று தகவல். ஒருவர் உயிரோடு டீக்கடைக்குத் திரும்பி நடந்ததற்கான தண்டனை!

மறுநாள் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். மகளைவிடச் சின்னப் பெண்ணின் குரல். அவ்வளவு மரியாதை.

“பிரேக் போட்டாங்களான்னு மட்டும்தான் சிஸ்டம் பார்க்கும் மேடம். ஏன் போட்டாங்கன்னு அதுக்குத் தெரியாது.”

“போடாம அந்த ஆள் மேல ஏத்தியிருந்தா?”

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

“அது கிளெய்ம் செக்‌ஷன் மேடம். லைன் மாத்தித் தரட்டுமா?”

வேண்டாம் என்றேன். அந்தப் பெண்ணைக் கோபித்து என்ன ஆகப்போகிறது? ஆப்பை எடுத்துவிட்டால் சலுகை போய்விடும் என்றாள். போகட்டும் என்றேன். பவித்ரா ஆப்பை நீக்கினாள்.

ஆனால் என் பயம் நீங்கவில்லை. போனிலிருந்து போய்விட்டது, சரி. அவள் காலிலிருந்து போயிருக்குமா? பதமாக மிதிக்கப் பழகிய கால், நாளைக்கு அவசரத்துக்கு உதவுமா? இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. சனிக்கிழமை, வேலை எதுவும் இல்லாமலே, வண்டியில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அதே ரோடு. அதே லாரி வரிசை. என் கண் ரோட்டில் இல்லை, அவள் பாதத்தில் இருந்தது.

லாரிகளின் நடுவிலிருந்து சட்டென்று ஏதோ வந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. பவித்ரா மிதித்த மிதியில் என் கைப்பை காலடியில் போய் விழுந்தது. சீட் பெல்ட் தோளை அறுத்தது. பின்னால் வந்த ஆட்டோ எங்களை இடிக்காமல் ஒடித்து விலகியது.

காற்றில் உருண்டு வந்த வெறும் கோணிப்பை.

ஆட்டோக்காரர் பக்கத்தில் நிறுத்தித் தலையை நீட்டினார். “இன்னாமா இது, கோணிக்கெல்லாமா பிரேக் போடுவாங்க?”

ஆமாம்பா. கோணிக்கும்தான்.