அப்னேர் எழுதிய பதில்

என் வீட்டுக்காரர் லெமுவேலுக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. பால் கறக்க உட்கார்ந்தால் பசுவையே விரட்டுவார். அவருடைய அண்ணன் அப்னேர் நேர் எதிர். மழை வருமா என்று கேட்டால் போன வருஷத்து மழையிலிருந்து ஆரம்பிப்பார். இவர் ஒஹாயோவில், அவர் மாசசூசெட்ஸில். கடிதம் போய்ச்சேர ஐந்து வாரம். நடுவில் கிடந்து அவதிப்பட்டவள் நான்.

1816 ஜூன் மாதத்தில், கோடையென்றும் பாராமல், மாசசூசெட்ஸில் பனி கொட்டி அப்னேரின் சோளமெல்லாம் பாழாயிற்று. மறு வருஷம் எங்கள் வேலியை ஒட்டிய நிலம் விலைக்கு வந்தது. கல்லே இல்லாத கறுப்பு மண். அறுவடை வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்று நில ஏஜென்ட் சொன்னார். லெமுவேல் உடனே எழுதினார்: "அண்ணே, வர்றியா, இல்லையா? ஒரே வார்த்தை எழுது."

வீட்டில் கலந்து பேச வேண்டும் என்று ஒரு வரி வந்தது. மீதிப் பக்கம் முழுக்கச் செவலைப் பசுவின் மடிவீக்கம். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி எழுதினார்.

அடுத்த கடிதம் அறுவடைக்கு ஒரு வாரம் முன்னால் வந்தது. உறை ஏது, எழுதிய தாளையே மடித்து அரக்கு வைத்து ஒட்டியிருக்கும். கத்தி எடுக்கக்கூடப் பொறுக்காமல் கட்டைவிரலால் கிழித்தார். அரக்கு முத்திரை கொஞ்சம் தாளையும் பிய்த்துக்கொண்டு வந்தது. எப்போதும் அப்படித்தான் வரும், அதனால் எழுதுகிறவர்கள் அந்த இடத்தில் ஒன்றும் எழுதாமல் விடுவார்கள். உருக்கி மறுபடி பயன்படுத்தலாமென்று அரக்கை நான் தகர டப்பாவில் போட்டேன்.

"ஏங்க, வர்றாராமா?"

"பக்கத்து வீட்டுப் பன்னி டர்னிப் கிழங்கைத் தின்னுடுச்சாம். பாதிரியார் ரெண்டு மணி நேரம் பிரசங்கம் பண்ணாராம். நான் என்ன கேட்டேன், இந்த ஆளு என்ன எழுதுறாரு பாரு!"

"இன்னும் ஒரு வாரம் பாருங்களேன்."

"பன்னிக்கு எழுத இடம் இருக்கு, தம்பிக்கு ஒரு வார்த்தை இல்ல. அவருக்கு வர்ற எண்ணமே இல்லடி!"

அன்றைக்கே ஏஜென்ட்டிடம் போய் நிலத்தை விட்டுவிட்டார். ஒரு ஜெர்மன் குடும்பம் வாங்கியது. அதைச் சொல்லி இவர் எழுதிய கடிதம் கிழக்கே போக, அப்னேர் மேற்கே வந்துகொண்டிருந்தார்.

நவம்பரில் ஒரு மாட்டுவண்டி வாசலில் நின்றது. அப்னேர், அவர் மனைவி, சட்டி பானை, பின்னால் கட்டிய செவலைப் பசு.

"எங்கடா தம்பி என் நிலம்?" என்று சிரித்தபடி இறங்கினார்.

லெமுவேலுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நீதான் பதிலே எழுதலையே அண்ணே!"

"எழுதினேனே! தாள்ல இடம் தீர்ந்துபோச்சு. முத்திரை ஒட்டுற எடம்தான் பாக்கி. அதுல எழுதினேன். கத்தியால பதமா எடுத்திருந்தா படிச்சிருக்கலாம்."

"இன்னொரு தாள் எடுக்கக் கூடாதா?"

"கடிதம் வாங்குறவன்தானே தபால் காசு கட்டணும்? ரெண்டு தாள்னா உனக்குத்தானேடா ரெட்டிப்பு."

நான் ஓடிப்போய் டப்பாவைக் கொட்டினேன். ஒவ்வொரு அரக்காகத் திருப்பினேன். நாலாவதின் முதுகில் ஒட்டியிருந்த தாளில் அப்னேரின் பொடிக் கையெழுத்து: "வருகிறேன். நிலத்தை விடாதே."

டப்பா ஆறு வாரமாக என் அலமாரியில்தான் இருந்தது. தினமும் அதைத் தள்ளிவைத்துத்தான் உப்பு எடுத்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரையும் துடைப்பத்தால் சாத்தியிருப்பேன். என்னை எதால் சாத்துவது?

"பன்னியை முதல்ல எழுதுன பாரு!" என்று கத்திய லெமுவேல், சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். அப்னேர் பசுவை அவிழ்த்துத் தண்ணீர் காட்டினார்.

அக்கம்பக்கத்தில் வேறு நிலம் இல்லை. பனிக்காலம் முடிந்ததும் அப்னேரும் மனைவியும் நூறு மைல் தள்ளிப் போனார்கள். கடிதம் வந்துகொண்டுதான் இருக்கிறது. இவர் இப்போது கத்தியைத் தீட்டி, முத்திரையைச் சுற்றி மெதுவாக அறுத்து, அடியில் இருப்பதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். அப்னேர் அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறார்.