முதுகுப் பையில் போய்வந்த தாள்

இன்று காலையும் மொட்டைமாடிக் கொடியில் ஒரு பாஸ்போர்ட் காய்ந்துகொண்டிருந்தது. நேற்றுப் பின்னேர மழையில் நனைந்ததாம். ஒரு பக்கம் காற்சட்டை, மறுபக்கம் துவாய், நடுவில் நீல அட்டையை விரித்துப் போட்டு, பறக்காமல் இரண்டு கிளிப்பும் மாட்டியிருந்தாள் வசந்தா. இந்த லொட்ஜில் அறைகளைக் கூட்டித் துடைப்பவள் அவள்தான். பாஸ்போர்ட்டின் சொந்தக்காரன் இட்லி சாப்பிடப் போய்விட்டான். காகம் தூக்கிக்கொண்டு போனால் என்ன செய்வான் என்று நான் பதறினேன். "காக்கா அத்தத் தூக்கினு போய் இன்னா பண்ணப்போவுது, அமெரிக்காவுக்கா போவப்போவுது? போய் வேலையப் பாரு சிலோன்" என்றாள். என் பெயர் அவளுக்குத் தெரியும். ஆனாலும் நான் அவளுக்குச் சிலோன்தான்.

இதைப் படிக்கிற, வெளிநாடு போன எங்கள் ஆட்களுக்கு நான் ஒன்றும் விளக்கத் தேவையில்லை. இப்படி ஓர் அட்டைக்காக வருடக்கணக்கில் ஏஜென்சிக்காரன் வாசலில் நின்றவர்கள் நீங்கள். ஊரில் இருக்கிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். மெட்ராஸ் என்றால் கோயிலும் சினிமாவும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு மெட்ராஸ் என்றால் மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், இந்த நாலு மாடி லொட்ஜ். முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தி.நகரில் துணிக்கடையும் இருக்கிறது. அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதற்காக வேலைக்கு வைத்தார். வெளிநாட்டுக்காரர் வந்து தங்கினால் ஒரு பாரம் நிரப்பிப் பொலிஸில் கொடுக்க வேண்டும். எங்கிருந்து வந்தாய், அடுத்து எங்கே போகிறாய், பாஸ்போர்ட் இலக்கம் என்ன. அதை நிரப்பிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிற நான், அதே ஸ்டேஷனில் மாதத்துக்கு ஒருமுறை அகதிகள் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரேயும் கையெழுத்துப் போடுகிறேன். இரண்டும் ஒரே மேசைதான். "இன்னாப்பா, ஃபாரின்காரனுக்கு ஃபாரின்காரனே ஃபாரம் ரொப்புறியா?" என்று ஏட்டையா ஒருநாள் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இந்த லொட்ஜுக்கு வருகிறவர்கள் முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு உலகம் சுற்றும் பிள்ளைகள். பேக்பேக்கர் என்று தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். வெயில் தாழ்ந்து கடற்காற்று வரத் தொடங்கியதும் எல்லோரும் மொட்டைமாடியில் வட்டமாக உட்காருவார்கள். தேத்தண்ணீர்க் கெட்டிலை மேலே கொண்டுபோகிற சாட்டில் நானும் நிற்பேன். ஒருவன் துருக்கியிலிருந்து லாகூர் வரை பஸ்ஸிலேயே வந்திருப்பான். ஒருத்தி திபெத்தில் லொறியின் மேல் மூன்று நாள் படுத்தே வந்திருப்பாள். ஒருவருக்கொருவர் முன்பின் தெரியாது. ஆனால் வயிற்றுப்போக்கு மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பார்கள், வாசித்து முடித்த புத்தகத்தைக் கொடுப்பார்கள், எந்த ஊர் ஸ்டேஷனில் எந்தக் கவுண்டருக்குப் போனால் டிக்கெட் கிடைக்கும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். பின்னால் வருகிறவர்களுக்காக ஒரு தடித்த கொப்பியில் எழுதியும் வைப்பார்கள். அந்தக் கொப்பிக்கென்று ஒரு மரியாதை உண்டு. அதில் ஒருவர் கேட்ட உதவியை அடுத்து வருகிறவர் செய்ய வேண்டும். இந்த லொட்ஜின் பெயர் அவர்களுக்கு வாயில் நுழையாது. மொட்டைமாடியை வைத்து 'ரூஃப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எந்த நாட்டில் போய் ரூஃப் என்றாலும் அவர்களுக்குள் தெரியுமாம்.

எனக்கு அவர்களைப் பார்த்தால் வாய் பிளக்கும், எரிச்சலும் வரும். இருபது, இருபத்திரண்டு வயது. எங்கள் ஊரில் அந்த வயதுப் பிள்ளை பாண் வாங்கப் போய் அரை மணித்தியாலம் பிந்தினால் அம்மா வாசல் படலையில் வந்து நிற்பாள். நான் பதினெட்டு வயது வரை தெற்கே பரந்தன் என்ற ஊரைத் தாண்டியதில்லை. பிறகு ஊரை விட்டு வெளிக்கிட ஒருவரிடம் அனுமதிப் பாஸ், இந்தக் கரையில் இறங்க இன்னொருவரிடம் கையெழுத்து. இந்தப் பிள்ளைகளோ நாளைக்கு எங்கே போவது என்பதைக் காலையில் பல் விளக்கும்போது யோசிக்கிறார்கள்.

ஒருநாள் மார்ட்டின் என்ற ஹொலண்ட்காரன் என்னைப் பார்த்து, நீயும் ஒரு பயணக் கதை சொல்லு என்றான். எனக்கு ஒரே ஒரு பயணம்தான் தெரியும். பதினேழு பேர் ஒரு மீன்பிடிப் படகில் வந்ததைச் சொன்னேன். விளக்கில்லாமல் வந்தது, தண்ணீர் உள்ளே ஏறியது, ஒரு குழந்தையின் வாயைத் தாய் பொத்திக்கொண்டே வந்தது. நான் முடித்ததும் கை தட்டினார்கள். மெய்யாகவே தட்டினார்கள். "அற்புதம்! இந்தப் படகுக்கு டிக்கெட் எங்கே எடுப்பது? எதிர்ப்பக்கம் போகவும் கிடைக்குமா?" என்று கேட்டான் மார்ட்டின். பரிகாசம் இல்லை, கொப்பியும் பேனையும் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். "கிடைக்கும். செத்தால் போகலாம்" என்று தமிழில் சொல்லிவிட்டுக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். "இன்னா சிலோன், மூஞ்சி செவந்துகீது? எவன் இன்னா சொன்னான்? சொல்லு, அவன் பெட்ஷீட்ட மாத்தாம உட்டுர்றேன்" என்றாள் படியில் நின்ற வசந்தா.

பின்னால் இறங்கி வந்தவள் ஹெலன். நியூசிலாந்துக்காரி. மூக்கெல்லாம் வெயிலில் உரிந்துபோயிருந்தது. அவன் அறியாதவன், மன்னித்துக்கொள் என்றாள். பிறகு, யாரை விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்டாள். இந்த ஊரில் நான் இருந்த ஆறு வருடத்தில் அதை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. போர் எப்படி என்று கேட்பார்கள், யார் பக்கம் என்று கேட்பார்கள். அம்மாவும் தங்கச்சியும் என்று சொன்னேன். சண்டைக்குப் பயந்து ஊர்ச்சனம் முழுக்க வெளிக்கிட்ட வருடம் அவர்களும் வெளிக்கிட்டார்கள். கொழும்பில் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் கண்டதாக ஒருவர் சொன்னார். அந்த விலாசத்துக்கு மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. அந்தக் கடிதங்களே அவர்களுக்குக் கரைச்சல் கொடுத்ததோ என்று பிறகு பயந்தேன். உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாது. அவ்வளவுதான்.

"வியாழக்கிழமை நான் கொழும்புக்குப் பறக்கிறேன்" என்றாள் ஹெலன், தேனாம்பேட்டைக்குப் போகிறேன் என்பதுபோல. கடிதம் கொடுக்க நான் துணியவில்லை. தமிழில் எழுதிய கடிதம் சோதனையில் அகப்பட்டால் கொண்டுபோனவளுக்கும் கரைச்சல், வாங்கியவர்களுக்கும் கரைச்சல். மகன் மெட்ராஸில் இருக்கிறான் என்பதே போதும், கேள்வி கேட்பதற்கு. ஆகவே ஒரு கொப்பித் தாளில் அம்மாவின் பெயர், தங்கச்சியின் பெயர், என் பெயர், அந்த லொட்ஜ் விலாசம், இவ்வளவையும் இங்கிலீஷில் எழுதினேன். மெட்ராஸ் என்று ஓரிடத்திலும் போடாதே என்றேன். அடியில் 'திரும்பக் கொண்டுவர வேண்டிய இடம்: ரூஃப்' என்று மட்டும் அவள் எழுதினாள். நான் நம்பவில்லை. குளியலறையில் தங்கள் உள்ளாடையையே மறந்துவிட்டுப் போகிறவர்கள், என் அம்மாவையா நினைவில் வைத்திருப்பார்கள்?

ஏழு மாதம் போனது. ஒருநாள் மத்தியானம் தகேஷி என்ற ஜப்பான்காரன் வந்து மூட்டையை இறக்கினான். முன்பும் இங்கே தங்கியவன். இங்கிலீஷ் குறைவு. பாரத்தை எடுத்து அவன் பக்கம் தள்ளினேன். அவன் அதைத் தொடவில்லை. பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து, என்னிடம் நீட்டினான். ஏதோ கோயில் பிரசாதம் தருவதுபோல இருந்தது.

அது ஹெலன் கொண்டுபோன தாள். என் எழுத்துக்குக் கீழே அவளுடைய எழுத்து. அதற்குக் கீழே நான் அறியாத எழுத்துகள். அவர்கள் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன். 'வெள்ளவத்தைக்குப் போனேன். அவர்கள் அங்கே இல்லை. கடைக்காரர் தெகிவளையில் தேவாலயத்துக்குப் பின்னால் என்கிறார். நாளை எனக்கு விமானம். அடுத்து வருபவர் தயவுசெய்து போகவும். ஹெலன்.' அவள் அந்தத் தாளைக் கொழும்பில் தான் தங்கிய விடுதியின் பலகையில் குத்திவிட்டுப் போயிருக்கிறாள். அடுத்தது ஒரு பிரெஞ்சுக்காரி: 'தெகிவளை வீட்டைக் கண்டேன். பொலிஸ் சோதனைக்குப் பிறகு போய்விட்டார்களாம். கொட்டாஞ்சேனை என்று வீட்டுக்காரர் சொல்கிறார், தெரு தெரியாது.' அடுத்தவன்: 'கொட்டாஞ்சேனையில் அரை நாள் கேட்டேன். காய்ச்சல் வந்துவிட்டது. இடது பக்கத் தெருக்கள் முடிந்தன, வலது பக்கம் மிச்சம். மன்னிக்கவும்.' கடைசியாக டென்மார்க்கைச் சேர்ந்த அண்ணன் தம்பி இரண்டு பேர்: 'கண்டுபிடித்தோம்! அம்மா நலம். சாப்பிடாமல் எங்களைப் போகவிடவில்லை. புட்டு என்ற உணவு தொண்டையில் நின்றது. முடித்தோம், மறுபடியும் போட்டார். ரூஃப் எங்கே என்று எங்களுக்குத் தெரியாது, தெரிந்த நண்பரிடம் கொடுக்கிறோம்.'

நான் அந்த மேசையிலேயே இருந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன். அந்தத் தெருக்களில் நான் போய்க் கேட்டிருந்தால் இரண்டாவது தெருவில் என்னைப் பிடித்துப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றியிருப்பார்கள். இவர்கள் வலது பக்கம், இடது பக்கம் என்று கணக்கு வைத்துத் தேடியிருக்கிறார்கள். சொந்தக்காரர் செய்யாத வேலை. அவர்களில் ஹெலனைத் தவிர ஒருவருடைய முகமும் எனக்குத் தெரியாது. இவ்வளவு பெரிய உலகத்தில் இப்படியும் பிள்ளைகளை யாரோ வளர்த்திருக்கிறார்கள். நான் இவர்களை என்னவென்று நினைத்திருந்தேன்!

தாளின் கடைசியில் தங்கச்சியின் எழுத்து. 'அண்ணா, நாங்கள் சுகம். விலாசம் கீழை எழுதியிருக்கிறன். வெள்ளைக்காரர் மாறி மாறி வந்து எங்களைத் தேடினவையாம் எண்டு பழைய வீட்டுக்காரர் சொல்லிச்சினம். அம்மாவுக்குத் தலைகால் தெரியேல்லை. என்ரை மகன் வெளிநாட்டிலை பெரிய உத்தியோகம், வெள்ளைக்காரரை அனுப்பித் தேடுறான் எண்டு தெரு முழுக்கச் சொல்லிப்போட்டா. இந்தியாவுக்குப் போனவையெல்லாம் பிறகு வெளிநாட்டுக்குப் போயிட்டினம்தானே. எந்த நாட்டிலை நிக்கிறாய் எண்டு கேக்கச் சொன்னா.'

இதற்கு என்ன எழுதுவது? இரண்டு நாள் யோசித்தேன். "எதுனா ஒரு ஊரச் சொல்லேன். லண்டன்னு எய்து. கெய்வி சந்தோசமா இருந்துட்டுப் போவட்டும்" என்றாள் வசந்தா. அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எலே தம்பி, பெத்தவகிட்ட பொய்ய ஆரம்பிச்சா நிறுத்த முடியாது பாத்துக்கோ. நான் மெட்ராஸ் வந்த புதுசுல கடை வச்சிருக்கேன்னு எழுதினேன். எங்கம்மா கடையப் பாக்க ரயிலேறி வந்துட்டாவ" என்றார். அதற்காக மட்டும் இல்லை. அத்தனை பேர் நடந்து கொண்டுவந்த தாளுக்குப் பதிலாகப் பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை. இப்போது விலாசம் சரியாக இருந்தது. வருவது வரட்டும் என்று தபாலிலேயே போட்டேன். மெட்ராஸில்தான் இருக்கிறேன், லொட்ஜில் வேலை, மயிலாப்பூர், சுகம் என்று நாலு வரி.

மூன்று கிழமையில் பதில் வந்தது. தங்கச்சி எழுதியிருந்தாள்: 'கடிதத்தை அம்மா ரெண்டுதரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டா. உத்தியோகத்தைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. பிறகு, மெட்ராஸ் பக்கத்திலை எல்லோ, இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு ஏன் அவன் வரேல்லை எண்டு கேட்டா. நான் என்னண்ணா சொல்ல?'

லண்டன் என்று எழுதியிருந்தால் தூரம் எனக்காகப் பதில் சொல்லியிருக்கும். அண்ணாச்சிக்கும் இது தெரிந்திருக்க நியாயமில்லை.

அன்று பின்னேரம் மொட்டைமாடிக்குக் கெட்டில் கொண்டுபோனேன். கனடாவிலிருந்து வந்த ஒரு பிள்ளை தரையில் உலகப் படத்தை விரித்து, மூலைகளில் செருப்புகளை வைத்து, தான் வந்த பாதையை மற்றவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். வன்கூவரிலிருந்து இங்கே வரை தொட அவளுக்கு இரண்டு கையையும் அகல விரிக்க வேண்டியிருந்தது. "நீ எங்கே, உன் அம்மா எங்கே?" என்று என்னைக் கேட்டாள். குந்தியிருந்து, மெட்ராஸில் ஆள்காட்டி விரலை வைத்தேன். பக்கத்து விரல் கொழும்பில் விழுந்தது. இரண்டுக்கும் நடுவில் கிடந்த நூலளவு இடைவெளியில்தான் எங்கள் ஊர். அந்தப் படத்தில் அதற்குப் பெயர் எழுத இடம் காணவில்லை. "இவ்வளவு பக்கமா?" என்றாள் அவள், அம்மாவைப் போலவே. அவளுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, படத்தை மடிக்கலாமா என்று இரண்டு தரம் கேட்டாள். எந்த விரலை முதலில் எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.