நீர்த்துப்போன கஞ்சி

எங்கள் வீட்டில் கஞ்சி நீர்த்துப்போக ஆரம்பித்தபோது முதலில் அரிசியைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு அடுப்பை. பிறகு என் கையை. ஷா ஆலத்தில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பல வருஷமாகச் சமைக்கிறவள் நான். எனக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கரண்டியில் எடுத்தால் கொழகொழவென்று விழும் பதத்தில்தான் கிண்ணத்தில் ஊற்றி என் வீட்டுக்காரர் முன்னால் வைப்பேன். அவர் நாலு வாய் சாப்பிட்டு, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கிண்ணத்தில் மேலே தண்ணீர், கீழே குருணை. பானையில் மிச்சம் இருக்கிற கஞ்சியோ காய்ச்சியபடி கெட்டியாகவே இருக்கும்.

எனக்குப் பயந்த சுபாவம். கைப்பேசி அடித்தாலே யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவர் தொட்ட கஞ்சி மட்டும் நீர்த்துப்போவதைப் பார்த்ததும் அவருடைய நோய்தான் கிண்ணத்துக்குள் இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். இதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? கிண்ணத்தைக் கழுவி வைத்தேன்.

அவர் போர்ட் கிள்ளானில் கன்டேனர் லோரி ஓட்டியவர். ஒரு நாள் கண்ணும் தோலும் மஞ்சளாகி ஆஸ்பத்திரிக்குப் போனார். கணையத்தில் கட்டி என்றார்கள். கணையம் என்று ஒன்று உடம்பில் இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். சமையல்காரிக்கு ஈரல் தெரியும், குடல் தெரியும், நுரையீரலைப் பொரிக்கத் தெரியும். கணையத்தை எந்த இறைச்சிக் கடையிலும் தனியாக வைத்து விற்று நான் பார்த்ததில்லை. கட்டியோடு சேர்த்து அதில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். பிழைத்து வீட்டுக்கு வந்தார்.

வந்தவரை ஆளாக்கிவிடலாம் என்று நம்பினேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை சமையல். மீன் ரசம், ஆட்டுக்கால் சூப், கோழிக்குஞ்சு என்று ஆக்கிப் போட்டேன். அவரும் மறுக்காமல் சாப்பிட்டார். ஆனாலும் கைலி இடுப்பில் நிற்கவில்லை. சாப்பிட்டது எல்லாம் எங்கே போகிறது என்று கழிவறையில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் எட்டிப் பார்த்தேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்குப் புரியும். நான் ஊற்றிய நெய்யும் எண்ணெயும் அப்படியே மேலே மிதந்தன. உடம்பு எதையும் எடுத்துக்கொள்ளவே இல்லை.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது எங்களை டயட்டீஷியனிடம் அனுப்பினார்கள். சாலாக் செலாத்தான் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை, எங்கள் மகள் வயதுதான் இருக்கும். நான் மிதந்த எண்ணெயைப் பற்றி மென்று முழுங்கிச் சொன்னதும், அதெல்லாம் அவள் தினமும் கேட்கிற கதை மாதிரித் தலையாட்டினாள். சாப்பாட்டை உடைக்கிற என்ஸைம் போதவில்லை என்றாள். தமிழில் நொதி என்பார்களாம். நான் பள்ளியில் படிவம் மூன்றோடு நின்றவள். அந்தச் சொல்லை மலாய் மொழியில் ஏதோ ஒரு பாடத்தில் கேட்டிருக்கிறேன், பரீட்சைக்குப் பிறகு மறந்துவிட்டேன்.

அவள் புத்தகத்தை எடுக்கவில்லை. தன் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, சுத்தமான கரண்டியால் கொஞ்சம் வெறும் சோற்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"அங்கிள், இத வாயில போட்டு மெல்லுங்க. முழுங்காதீங்க, மென்னுகிட்டே இருங்க."

அவர் மென்றார். நாங்கள் இரண்டு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் அவர் புருவம் ஏறியது.

"இனிக்குதே. சீனி போட்டீங்களா?"

சோறு என்பதே சீனியைக் கோத்துச் செய்த நீளமான சங்கிலிதானாம். எச்சிலில் இருக்கிற ஒரு நொதி அந்தச் சங்கிலியைத் துண்டு துண்டாக அறுத்துவிடுகிறது, அதுதான் இனிப்பு என்றாள். சோற்றுக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, இறைச்சிக்கு ஒன்று. ஒன்று செய்கிற வேலையை இன்னொன்று செய்யாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம் இருக்கிறது, அந்த வடிவத்தில் பொருந்துகிறதைத்தான் அது பிடிக்கும். பிடித்து, உடைத்து, விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். அது மட்டும் தேயாது, தீராது. அது இல்லாவிட்டால் சோறு கரைவதற்கு மனுஷன் ஆயுசு போதாது. வயிற்றுக்குள் போகிறதை உடைக்கும் நொதிகளில் முக்கால்வாசியைக் கணையம்தான் சுரந்து அனுப்புமாம். அதில்தான் ஒரு பகுதியை வெட்டி எடுத்திருந்தார்கள்.

எனக்கு ஒரு காதில் ஏறி இன்னொரு காதில் இறங்கியது. அவருக்குத்தான் சட்டென்று பிடிபட்டது.

"போர்ட்டுல கிரேன் மாதிரி லா," என்றார். "கன்டேனர் மூலையில உள்ள ஓட்டையில கரெக்டா பூட்டும். தூக்கி வைக்கும். பூட்டு கழண்டதும் வெறுங்கையோட அடுத்த பெட்டிக்கு வரும். கிரேன் கப்பல்ல ஏறிப் போகாது."

அந்தப் பிள்ளை சிரித்துவிட்டாள். தன்னைப் பார்க்க வருகிறவர்களுக்கு இனிமேல் அப்படித்தான் சொல்லப்போவதாகச் சொன்னாள். அவர் முகத்தில் ஆபரேஷனுக்குப் பிறகு அப்படி ஒரு வெளிச்சத்தை அன்றுதான் பார்த்தேன்.

அந்தத் தைரியத்தில் நானும் கஞ்சி விஷயத்தைக் கேட்டுவிட்டேன். அவர் சாப்பிட்ட கிண்ணம் மட்டும் தண்ணீராகிறதே, அது அந்த நோயா என்று.

"ஐயோ ஆன்டி, அது அங்கிளோட எச்சி. ஸ்பூன் வாய்க்கும் கிண்ணத்துக்கும் போய்ப் போய் வருதுல்ல. வாய்ல செய்யற வேலைய அது கிண்ணத்துலயும் செய்யுது. நீங்க சாப்பிட்டாலும் அப்படித்தான் ஆகும்."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நானே கொஞ்சம் கஞ்சி குடித்துப் பார்த்துவிட்டு மிச்சத்தை வைத்தேன். தண்ணீராகியது. அவர் அதைப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி," என்றார்.

அப்புறம் மாத்திரை வந்தது. உள்ளே சின்னச் சின்ன மணிகள் நிறைந்த கேப்ஸூல், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டின் முதல் வாயோடும் விழுங்க வேண்டும். மணிகளுக்கு மேலே ஒரு உறை. இரைப்பையின் புளிப்பில் கரையாமல் குடலுக்குப் போய்த்தான் திறக்குமாம். மருந்தென்றால் சுடுதண்ணீரில்தான் போடுவோம், அது எங்கள் வீட்டுப் பழக்கம். அந்தப் பிள்ளை அதற்குத்தான் விரலை ஆட்டி எச்சரித்தாள். சுடுதண்ணீர், சூடான கோப்பி எதுவும் கூடாது. நொதியும் முட்டை வெள்ளைக்கரு மாதிரிதான். சூடு பட்டால் சுருண்டு வடிவம் போய்விடும், அப்புறம் திரும்பி வராது. வடிவம் போனால் எதையும் பிடிக்க முடியாது. அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் ஃபிளாஸ்க் வைப்பதையே நிறுத்தினேன். யாராவது வந்து அவருக்குச் சுடச்சுட ஏதாவது கொடுத்தால் ஓடிப்போய்க் குவளையைப் பிடித்துக்கொள்வேன்.

உண்மையிலேயே உடம்பு பிடித்தது. எண்ணெய் மிதப்பது நின்றது. கன்னத்தில் கொஞ்சம் சதை விழுந்தது. கேன்டீனில் ஆட்டிறைச்சிக்குப் பப்பாளிக்காய் அரைத்துத் தடவும்போதெல்லாம், இதுவும் ஒரு நொதிதான், இறைச்சியைப் பிடித்து உடைக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். இத்தனை வருஷம் பேர் தெரியாமல் வைத்திருந்த ஒன்று அவருக்குள்ளும் போய் வேலை செய்கிறது என்று ஒரு நிம்மதி. எனக்கு நிம்மதி வந்தாலும் பயமாகத்தான் இருக்கும்.

தைப்பூசத்துக்கு ஒரு மண்டலம் இருக்கையில் விரதம் ஆரம்பித்தேன். ஆபரேஷன் அன்றைக்கே வேண்டிக்கொண்டது. இவரைப் பிழைக்க வைத்தால் பத்துமலைக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று. வீடு கழுவி, மீன் சட்டி எல்லாம் கட்டி மேலே ஏற்றி, சுத்த சைவம். அவருக்கு முட்டையாவது கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, அவரே வேண்டாம் என்றார். டயட்டீஷியனைக் கேட்டு பருப்பு, தயிர், சோயா தவ்வு என்று மாற்றிக் கொடுத்தேன்.

சில வாரத்தில் கைலி மறுபடி நழுவ ஆரம்பித்தது. மறுபடி எண்ணெய். எனக்கு உலகமே இருட்டிவிட்டது. நோய் திரும்பிவிட்டது என்று முடிவே செய்துவிட்டேன். அவரிடம் சொல்லாமல் பூஜை அறையில் உட்கார்ந்து அழுதேன். விரதத்தில் எங்கே தப்பு நடந்தது, எந்தச் சட்டியில் கவுச்சி ஒட்டியிருந்தது என்று தேடித் தேடிக் கழுவினேன்.

ஒரு சனிக்கிழமை, கதவுக்குப் பின்னால் தொங்கிய அவருடைய பழைய லோரி ஜாக்கெட்டைத் துவைக்க எடுத்தேன். பையில் கையை விட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. கேப்ஸூல்கள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சில உடைந்து மணி கொட்டி, பை நிறைய.

ஜாக்கெட்டோடு அவர் முன்னால் போய் நின்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆஸ்பத்திரியில் நான் மருந்து வாங்க வரிசையில் நின்றபோதே அந்தப் பிள்ளை அவரிடம் கேட்டிருக்கிறாள். இது பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது, பரவாயில்லையா என்று. யாராயிருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்களாம். சீன டிரைவர்களோடு உட்கார்ந்து பன்றி இறைச்சி சாப்பிடுகிறவர்தான் அவர். வீட்டுக்குள் மட்டும் கொண்டுவந்ததில்லை. அவளிடம் சரி என்று தலையாட்டிவிட்டு, எனக்குத் தெரிந்தால் முகம் சுளிப்பேன் என்று என்னிடம் சொல்லவில்லை.

"விரதம் ஆரம்பிச்சதும் மனசு வரல," என்றார். "நீ எனக்காகத்தான் வேண்டிக்கிட்ட. நானே அத கெடுக்கறதா?"

எதனால் அவர் உயிரோடு இருக்கிறாரோ, அதை என் வேண்டுதலுக்காக நிறுத்தியிருந்தார். அதுவும் நான் பக்கத்தில் உட்கார்ந்து முதல் வாயோடு கேப்ஸூலை எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துக்கொண்டு.

"முருகன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க முழுங்குங்க."

"நீ சொன்னா கேட்பாரா?"

"அவர் கேக்கறது இருக்கட்டும். நீங்க கேளுங்க."

அன்று மதியம் என் கண் முன்னால் விழுங்கினார். வாயைத் திறந்து காட்டுங்கள் என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி ஆ என்று காட்டினார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, எனக்கு அழுகையும் சேர்ந்து வந்தது. பால்குடத்தை எடுத்துக்கொண்டு படி ஏறும்போது கந்தன் பாட்டு எதுவும் வாயில் வரவில்லை. அவர் மாத்திரை சாப்பிடுகிறார், நீ கோவிச்சுக்காதே என்று அதையே சொல்லிக்கொண்டு ஏறினேன்.

உடம்பு மறுபடி கொஞ்சம் தேறியது. நாலைந்து மாதம் நன்றாக இருந்தார். பாசாருக்குக் காய் வாங்கக்கூட என்னோடு நடந்து வந்தார். பிறகு நோய் நிஜமாகவே திரும்பியது. ஈரலுக்குப் போய்விட்டது என்றார்கள். மாத்திரையை நிறுத்தினதால் இல்லை, இந்த நோயே அப்படித்தான் என்று டாக்டர் சொன்னார். டயட்டீஷியனும் அதையே சொன்னாள். நான் இரண்டு பேரையும் மறுபடி மறுபடி கேட்டேன். அவர்கள் சலிக்காமல் சொன்னார்கள். பகலில் நம்புவேன்.

கடைசியில் அவரால் கேப்ஸூலை விழுங்க முடியவில்லை. இனி கட்டாயப்படுத்த வேண்டாம், ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்றார்கள். அவர் கஞ்சி கேட்டார். பழைய பதத்திலேயே கெட்டியாகக் காய்ச்சினேன். காலையில் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்து நானே ஊட்டினேன். முதல் வாயை நெடுநேரம் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தார். விழுங்க முடியவில்லையோ என்று எனக்குப் பதற்றம்.

"என்னாங்க, துப்பிடுறீங்களா?"

வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். பிறகு மெதுவாக விழுங்கிவிட்டு, "இனிக்குது," என்றார்.

இன்னும் இரண்டு மூன்று வாய். போதும் என்று என் கையில் தட்டினார். கிண்ணத்தை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு அவர் வாயைத் துடைத்தேன். வெயில் ஏறுவதற்குள் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வீடு என் கையில் இல்லை. மகள் பிரிக்ஃபீல்ட்ஸில் வேலை செய்யும் இடத்திலிருந்து ஓடி வந்தாள். லோரிக்காரர்கள் வந்தார்கள், கூடாரம் போட்டார்கள், நாற்காலி இறக்கினார்கள். யாரோ என் கையில் தேநீரைக் கொடுத்தார்கள், யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் அறையை ஒதுக்கிக்கொண்டிருந்தவள் ஜன்னல் கட்டையிலிருந்து கிண்ணத்தை எடுத்தாள்.

"யாரு, அக்கா, கஞ்சியில தண்ணி ஊத்துனது?"

நான் எட்டிப் பார்த்தேன். மேலே தெளிந்த நீர், கீழே குருணை. கரண்டி அதிலேயே கிடந்தது. கூடத்தில் அவர் அசையாமல் கிடந்தார். இங்கே கிண்ணத்துக்குள் அவருடையது ஒன்று இன்னமும் பிடித்து, உடைத்து, விட்டு, அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்தது.

"யாரும் ஊத்தல," என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கிண்ணத்தைச் சமையல் கட்டுக்குக் கொண்டுபோனாள். நானும் பின்னாலேயே போனேன். அடுப்பில் கெத்தலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. விளிம்பில் காய்ந்து ஒட்டியதை ஊறவைக்க அவள் அதைத் தூக்கிக் கிண்ணத்துக்கு மேலே சாய்த்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"சுடுதண்ணி வேணாம் தங்கச்சி. அப்படியே கொஞ்ச நேரம் இருக்கட்டும்."