சத்தத்துக்கு நாலு குடும்பம்

இசைக்கருவிக் கடைக்கு நல்ல சத்தம் தேடி வருகிறவர்கள் குறைவு. பெரிய சத்தம் தேடி வருகிறவர்கள்தான் அதிகம். "அண்ணா, நாலு தெருவுக்குக் கேக்குமா?" என்பதுதான் ஓசூரில் என் கடையில் விழும் முதல் கேள்வி. பிறகு தொங்குவதையெல்லாம் ஒருமுறை தட்டுவார்கள், நிற்பதையெல்லாம் ஒருமுறை மீட்டுவார்கள், "வீட்ல கேட்டுட்டு வர்றேன்" என்று போய்விடுவார்கள். எந்தக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் போன வருடம் எதையுமே தட்டாமல் நின்ற ஒரு பெண்மணியை நான் மறக்கவில்லை.

காது மட்டும்

பெயர் செல்வி. கல்லாவி என்ற ஊர்க்காரர். கியர்பாக்ஸ் செய்யும் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. அந்த மாதக் கடைசியில் காண்ட்ராக்ட் முடிகிறது. முடிந்தால், அப்போதுதான் ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருந்த மகளை அழைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டும். கணவரின் ஒரு சம்பளத்தில் ஓசூரில் குடித்தனம் நடத்த முடியாது.

ஒரே ஒரு வழி இருந்தது. அதே கம்பெனியில், ஓடும் கியர்பாக்ஸின் சத்தத்தைக் கேட்டு நல்லது கெட்டது சொல்லும் நிரந்தர வேலை ஒன்று காலியாக இருந்தது. மூன்று வாரத்தில் பரீட்சை. நான் வழக்கம்போல பெரிய கீபோர்டை இறக்கி, அதில் உள்ள டோன்களை வரிசையாகப் போட்டுக் காட்ட ஆரம்பித்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பாட்டு வேணாங்க சார். காது மட்டும் சொல்லிக் குடுங்க."

எல்லாம் ஒரே ஆள்

முதல் ஷிஃப்ட் முடிந்து நாலு மணிக்கு வருவார். சுவரைப் பார்த்து உட்காரவைத்து, ஒரே ஸ்வரத்தைப் புல்லாங்குழல், வயலின், வீணை என்று கீபோர்டில் மாற்றி மாற்றி வாசித்தேன். ஸ்வரம் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் குரல் வேறு, பின்னால் இருந்து கூப்பிட்டாலும் மகளின் குரல் தெரிகிறதில்லையா, அது மாதிரி என்று விளக்கமும் கொடுத்தேன்.

என்ன கேட்டாலும் உதட்டைப் பிதுக்கினார். இந்த அம்மாவுக்குக் காது சரியில்லை, இதை எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவரும் எனக்கு எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்றுதான் யோசித்திருக்கிறார். கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க சார், எனக்கு எல்லாமே ஸ்பீக்கராத்தான் கேக்குது."

சன்னாயி

மறுநாளே கீபோர்டை ஓரங்கட்டினேன். ஆனால் அந்த வாரமே அது என்னைப் பழிவாங்கியது. ஒரு நிச்சயதார்த்தம். நாதஸ்வரக்காரர்கள் வந்த வேன் ஜூஜுவாடி நெரிசலில் மாட்டிக்கொண்டது. நல்ல நேரம் போகிறது என்று என்னைக் கீபோர்டோடு தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்ணின் அம்மா தெலுங்கு பேசுகிறவர். "சன்னாயி போடுங்க" என்றார். நானும் ஷெனாய் டோனைப் போட்டு உருகி உருகி வாசித்தேன்.

தெலுங்கில் சன்னாயி என்றால் நாதஸ்வரம் என்பது அப்போது என் மூளைக்கு எட்டவில்லை. இரண்டும் ஒரே குடும்பம்தான்; ஆனால் ஷெனாய் நம் ஆட்கள் ரேடியோவில் எதற்குக் கேட்டுப் பழகியது என்பது உங்களுக்கே தெரியும். தட்டு மாற்ற உட்கார்ந்த மாப்பிள்ளை வீட்டார் அப்படியே எழுந்து நின்றுவிட்டார்கள். மதுரையிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏம்ப்பா, எந்தத் தலைவர் தவறிட்டாரு?"

நாலு குடும்பம்

இதைச் சொன்னதும் செல்வி கண்ணில் நீர் வரச் சிரித்தார். வாத்தியாரே தேறவில்லை என்று தெரிந்ததும் அவருக்குப் பயம் போய்விட்டது. எனக்கும் மனசு லேசாயிற்று. கடையில் உள்ள நிஜக் கருவிகளையே இறக்கினேன். பழைய தமிழ்க் கணக்கில் வாத்தியங்கள் நாலே குடும்பம்: இழுத்துக் கட்டினது நரம்புக்கருவி, ஊதுவது துளைக்கருவி, தோல் போர்த்தியது தோற்கருவி, உலோகத்தோடு உலோகம் மோதுவது கஞ்சக்கருவி. கடைசிக் குடும்பத்துக்கு ஒரு ஜோடி ஜால்ராவைத் தட்டிக் காட்டினேன்.

இரண்டாவது வாரத்தில் திரும்பிப் பார்க்காமலே குடும்பம் சொன்னார். மூன்றாவது வாரத்தில் என் கடை மின்விசிறி நரம்புக்கருவி என்றும், பக்கத்துக் கடை ஷட்டர் தோற்கருவி என்றும் தீர்ப்புச் சொன்னார். பாடம் முடிந்தது என்று நான் சொன்னபோது செருப்பை மாட்டிக்கொண்டே எனக்கு ஒரு தகவல் கொடுத்தார்: "சார், உங்க ஸ்கூட்டர்ல நாலு குடும்பமும் குடியிருக்குதுங்க."

கஞ்சம்

வெள்ளிக்கிழமை பரீட்சை. பத்து கியர்பாக்ஸ். எவை கெட்டவை என்ற பட்டியல் எஞ்சினியர் பையில். அவர் கன்னடக்காரர், ஓசூரில் தமிழ் பேசப் பழகியவர். தாளில் என்ன மாதிரிச் சத்தம் என்று எழுத ஒரு கட்டம். கம்பெனி இங்கிலீஷில் அதற்கெல்லாம் பெயர் உண்டு; செல்விக்கு அது தெரியாது. நான் சொல்லிக்கொடுத்ததையே சுருக்கி நரம்பு, தோல் என்று எழுதிவிட்டார். ஏழாவதற்கு நேரே எழுதியது, 'கஞ்சம்'.

மற்றதெல்லாம் பட்டியலோடு பொருந்தியது; ஏழாவது மட்டும் பட்டியலில் நல்ல கியர்பாக்ஸ். எஞ்சினியருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏனம்மா, யாரு கஞ்சம்? நாங்க ஆயில் கம்மி ஊத்தினோமா?" என்றார். செல்விக்கு மகளின் பள்ளிக்கூடப் பைதான் கண்முன் வந்ததாம். ஆயில் அளவு சரி என்று நிரூபிக்க எஞ்சினியர் அங்கேயே மூடியைக் கழற்றச் சொன்னார். ஆயில் சரியான அளவில்தான் இருந்தது. அடியில், எவனோ தவறவிட்ட வாஷர் ஒன்று இரும்பில் மோதித் தாளம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அவர் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சொன்னாராம்: "ஆயில் சரியா இருக்குதம்மா. காதுலதான் நான் கஞ்சம். திங்கக்கிழமை வந்து இந்த சீட்ல உக்காருங்க."

சனிக்கிழமை மகளோடு கடைக்கு வந்தார். பிள்ளைக்கு என்று அந்த ஜால்ரா ஜோடியைக் கேட்டு வாங்கினார், அப்போதும் தட்டிப் பார்க்காமல்.

ஜால்ரா போட்டு வேலை வாங்கியவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். ஜால்ராவைக் கேட்டு வேலை வாங்கியது, எனக்குத் தெரிந்து, செல்வி ஒருத்தர்தான்.