வெள்ளி மாலையில் அணைத்த விளக்கு

இத்தாலியின் பலேர்மோவில், போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பக்கத்தில் நாலே அறைகள் கொண்ட ஒரு விடுதியில் அப்போது வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு டிசம்பரில், யூதப் பெண்மணி ஒருவர் தன் வயதான தாயோடு தங்க வருவதாக எழுதியிருந்தார். வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இருட்டும்வரை அவர்களுக்கு ஓய்வு நாள். சுவிட்சைத் தொட மாட்டார்கள், சமைக்க மாட்டார்கள், லிஃப்டில் ஏற மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் மட்டுமே. ஒன்றைத் தாளில் எழுதிவிட்டால் அது சரியாக நடந்துவிடும் என்று நம்பிய வயது. அந்தப் பெண்மணியிடம் மின்னஞ்சலில் கேட்டுக் கேட்டு ஒரு பக்கம் எழுதினேன். அறை கீழ்த்தளத்தில். தெருக்கதவின் மின்சார எண்பூட்டை அவர்கள் அழுத்தக் கூடாது. திறந்துவிட வாசல் மேசையில் நான் இருப்பேன். பழமும் தக்காளியும் வெள்ளி மதியத்துக்குள் சந்தையில் வாங்கிவிட வேண்டும். சனி காலை துறைமுகம்வரை நடந்தே போய் வரலாம். அறையிலும் குளியலறையிலும் விளக்கை முன்பே போட்டு அப்படியே விட வேண்டும். மங்கல் வெளிச்சத்தில் தாய்க்குக் கண் தெரியாது, ஏற்கெனவே ஒரு முறை விழுந்து இடுப்பை முறித்தவர். இந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

அந்த விளக்கை அணைத்தவனும் நானேதான்.

வெள்ளி மாலை, மகள் சூரியன் மறையுமுன்பே மெழுகுதிரி ஏற்றிவிட்டுத் தாயோடு சாப்பாட்டறையில் இருந்தார். நான் குளியல் துவாய் வைக்க அவர்களின் அறைக்குப் போனேன். ஆளில்லாத அறையில் பல்பு எரிந்தால் முதலாளியம்மா கத்தித் தீர்ப்பார். இரண்டு வருடப் பழக்கம். வெளியே வரும்போது கை தானாகவே இரண்டு சுவிட்சையும் தட்டிவிட்டது.

சற்று நேரத்தில் மகள் என் மேசைக்கு வந்தார். மெல்ல மெல்ல இத்தாலியன் பேசுவார்.

“எங்கள் அறை இருட்டாக இருக்கிறது.”

“டிசம்பர்தானே, சின்யோரா. நேரத்தோடு இருட்டிவிடும்.”

“குளியலறையும் இருட்டு.”

“அதற்கு ஜன்னல் இல்லை,” என்றேன் பணிவாக.

“அம்மா இப்போது அங்கே போக வேண்டும்.”

“வலது பக்கக் கதவு.”

எனக்குப் பின்னால் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்த வன்னி அக்கா சிரித்துவிட்டார். விடுதியைத் துப்புரவு செய்பவர், என்னைப் போலவே இலங்கைத் தமிழர்.

“தம்பி, உன்ரை மண்டைக்குள்ளை என்ன கிடக்கு? லைற்றைப் போடச் சொல்லியெல்லோ அந்த மனிசி நிக்கிறா!”

“போடு எண்டு சொல்லேல்லையே, அக்கா?”

“எங்கடை வீட்டுக்கு வாற சனம் தேத்தண்ணி தா எண்டு கேக்குமோ? ‘வெயில் கொழுத்துது’ எண்டுதானே சொல்லும்? கேக்கக் கூடாத ஆக்கள் இப்பிடித்தான் கதைப்பினம்.” சட்டென்று நிமிர்ந்தார். “பொறு, ஆர் லைற்றை நூத்தது?”

நான் கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டேன்.

“வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்திலை! கொம்மா கேள்விப்பட்டா உன்னை வீட்டுக்குள்ளை எடுக்கமாட்டா.”

“ஓடிப் போய்ப் போட்டிட்டு வாறன்.”

“நில். அவைக்கெண்டு போட்டாச் சரிவருமோ?”

அப்போதுதான் அந்தப் பெண்மணி எழுதிய ஒரு வரி நினைவுக்கு வந்தது: போடும்படி நாங்கள் சொல்லக் கூடாது, நீங்கள் உங்கள் வேலைக்காகப் போட்டால் அந்த வெளிச்சத்தில் நாங்களும் இருக்கலாம். எனக்கு விளங்காததால் அதைத் தாளில் சேர்க்காமல் விட்டிருந்தேன். அக்காவிடம் சொன்னேன்.

“அப்ப எனக்கு இப்ப அங்கை வேலை கிடக்கு,” என்று துடைப்பத்தை எடுத்தார். “ஈரம் வேண்டாம், மனிசி வழுக்கிப்போடும்.” பிறகு, மகளுக்குக் கேட்கும்படி இத்தாலியனில் உரக்க அறிவித்தார்: “நான் குளியலறை பெருக்கப் போகிறேன். எனக்கு வெளிச்சம் வேண்டும்!”

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அறை விளக்கு எரிந்தது, பிறகு குளியலறை விளக்கு. மதியமே பெருக்கிய தரையை அக்கா மறுபடி பெருக்கினார். தாய் மகளின் கையைப் பிடித்து வந்தார். குளியலறை வாசலில் கையை விட்டுவிட்டு, தனியே நாலடி வைத்தார். நின்றார். கைகழுவும் தொட்டிக்குப் பின்னால் இருந்த மூலையை விரலால் காட்டினார். அங்கே தூசி.

“பாத்தியே தம்பி, மனிசிக்கு என்ன வடிவாக் கண் தெரியுது!” என்றபடி அக்கா குனிந்து அந்த மூலையைப் பெருக்கினார்.