வெள்ளிக்கிழமை சலாம்

போன வாரம் கீழ்வீட்டு அம்மா ஒரு தொட்டிச் செடியை என் கையில் திணித்துவிட்டுப் போனார். தாழையின் குட்டி போல நீள நீளமாய் இலைகள். "ரம்பை. நெய்ச்சோத்துல போட்டா கமகமன்னு இருக்கும்" என்றார். மதுரையில் மூன்றாவது மாடி பால்கனியில் அதை வைத்துவிட்டு, சும்மா இருக்க மாட்டாமல் ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தேன். அவ்வளவுதான். சோறு வேகும் வாசமும், உப்புக்காற்றில் ஊறிய சுவரின் வாசமும், ஜும்ஆ தொழுகை முடிந்த நடுப்பகலும் ஒன்றாக வந்து நின்றன. முதுகுக்குப் பின்னால் யாரோ சலாம் சொல்லப்போகிறார்கள் என்று தோன்ற, இலையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்துவிட்டேன். பட்டப்பகலில் பயந்தவள் என்று கேலி செய்யுங்கள். ஆனால் நான் சொல்வதைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நான் இராமநாதபுரம் பக்கம் சிக்கல் ஊர்க்காரி. மிளகாயும் நெல்லும் போடுகிற குடும்பம். பல்கலைக்கழகத்தில் வரலாறு கேட்டுப் போனேன், இடம் இல்லை என்றார்கள். பக்கத்துக் கட்டடத்தில் இஸ்லாமிய ஆய்வுத் துறை காற்று வாங்கிக்கொண்டிருந்தது. உதவித்தொகை உண்டு என்றதும் போய் உட்கார்ந்துவிட்டேன். ஊரில் யார் கேட்டாலும் அய்யா, "புள்ள அரபு நாட்டு வக்கீலுக்குப் படிக்குது" என்று அடித்துவிடுவார். "ஏத்தா, படிச்சு முடிச்சா நீயே நிக்காஹ் பண்ணி வச்சிருவியா?" என்று அம்மாவுக்கு ஒரு சந்தேகம். அரபியில் தொண்டையின் அடியிலிருந்து வரவேண்டிய எழுத்து ஒன்று உண்டு. அது எனக்குக் கடைசிவரை வரவில்லை. நான் பயிற்சி செய்யும்போதெல்லாம் விடுதித் தோழி தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வருவாள்.

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்த தலைப்பு, மஃப்கூத். காணாமல் போனவன் என்று பொருள். போனவன் இருக்கிறானா செத்தானா தெரியாது. அவன் மனைவி எவ்வளவு காலம் காத்திருப்பது? சொத்தை எப்போது பிரிப்பது? நாலு வருடம் போதும் என்று சொன்ன இமாம்கள் உண்டு. இன்றைய சட்டமும் அதையே பிடித்துக்கொண்டது. பழைய நூல்களில் வேறொரு கருத்தும் உண்டு. காணாமல் போனவனின் வயதை ஒத்தவர்கள் அவன் ஊரில் எல்லோரும் செத்துத் தீரும்வரை அவன் உயிரோடு இருப்பதாகவே கொள்ள வேண்டும். நூலகத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து அதைப் படித்தபோது, எவ்வளவு பொறுமையான சட்டம் என்று வியந்தேன். அந்தப் பொறுமைக்கு ஒரு வீடும் வாசலும் இருக்கும் என்று அப்போது நினைக்கவில்லை.

கள ஆய்வுக்குப் போன ஊரின் பெயர் வேண்டாம். இராமநாதபுரத்தில் கடலைப் பார்த்துப் போகிற பஸ்ஸில் ஏறினால், கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிடுவார்கள். வளைகுடாப் பணத்தில் எழும்பிய மாடி வீடுகளுக்கு நடுவே பழைய நீளவீடுகள் சில மிச்சமிருந்தன. முன்கதவு ஒரு தெருவில், பின்கதவு இன்னொரு சந்தில். முன்னறை ஆண்களுக்கு. அதைத் தாண்டி ஒரு திரைச்சீலை. அதற்கு உள்ளே பெண்கள். அடுப்படிக்குப் பின்னால் கிணற்று முற்றம், அப்புறம் சந்து, அப்புறம் கடல்தான்.

அப்படி ஒரு வீட்டில் மைமூன் லாத்தா தனியாக இருந்தார். லாத்தா என்றால் அங்கே அக்கா. ஐம்பதைத் தாண்டியவர், பிள்ளைகள் இல்லை. அவருடைய கணவர் ஹமீது வேலை பார்த்த சரக்குத் தோணி வளைகுடாவில் ஒரு துறைமுகத்திலிருந்து கிளம்பியது. அடுத்த துறைமுகத்தில் அதை யாரும் பார்க்கவில்லை. பலகை ஒன்றுகூடக் கரை ஒதுங்கவில்லை. நாலு வருடம் முடிந்ததும் ஜமாஅத்தார் வந்து, "உங்களுக்கு விடுதலை உண்டு, இத்தா இருந்து முடிச்சிருங்க" என்று அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். இத்தா என்பது கணவனை இழந்தவள் வெள்ளை உடுத்தி வீட்டுக்குள் இருக்கும் துக்க காலம். லாத்தா மாட்டேன் என்றுவிட்டார். பழைய கிதாபில் உள்ள கணக்குத்தான் தனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். ஹமீதின் தம்பிக்கு அது பிடிக்கவில்லை. அண்ணன் செத்ததாக முடிவானால்தான் வீட்டைப் பிரித்து விற்க முடியும்.

வயதை ஒத்தவர் யார் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். பிறந்த தேதியெல்லாம் யார் எழுதி வைத்தார்கள்? லாத்தா சிரித்தார்.

"ஒரே பந்தல்ல சுன்னத்து வச்ச பயலுவல்லாம் ஒரே வயசுதான் புள்ள. இவுங்க பந்தல்ல ஏழு பேரு."

அந்த ஊரில் அப்போது சுன்னத்துக் கல்யாணத்தைப் பையன்களைச் சேர்த்து வைத்துத்தான் நடத்துவார்கள். மாலை போட்டு, குதிரையில் ஏற்றி, ஊர்வலம் விட்டு, வரிசையாக உட்கார வைப்பார்கள். அந்த வரிசையில் உட்கார்ந்தவர்கள் கடைசிவரை ஒரு செட்டு. ஹமீதின் வரிசையில் நான் போன சமயம் ஊரில் உயிரோடு மிஞ்சியிருந்தவர் ஒருவர்தான், சேகு காக்கா. காக்கா என்றால் அங்கே அண்ணன். பஸ் நிறுத்தத்தில் ஐஸ் பெட்டிகளுக்குத் தெர்மகோல் விற்கிற சின்னக் கடை வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் சேகு காக்கா நேராக இந்த வீட்டுக்கு வருவார். வாசலில் நின்று "அஸ்ஸலாமு அலைக்கும்" என்பார். திரைக்கு இந்தப் பக்கமிருந்து லாத்தா "வ அலைக்குமுஸ்ஸலாம்" என்பார். முன்னறையில் ஒரு தூக்குச் சட்டி தயாராக இருக்கும், ரம்பை இலை போட்ட சோறும் ஆணம் என்கிற குழம்பும். எடுத்துக்கொண்டு போய்விடுவார். உள்ளே வந்து உட்கார்ந்ததே இல்லை. முதல் வெள்ளியன்று திரைக்குப் பின்னால் லாத்தாவோடு உட்கார்ந்து இதைக் கேட்டேன். ஒரு மனுஷன் தான் இன்னும் சாகவில்லை என்று வாரா வாரம் வந்து சொல்லிவிட்டுப் போகிறான், ஒருத்தி அதை வாங்கிக்கொள்கிறாள். அவன் வராத வெள்ளிக்காகத்தான் இவள் காத்திருக்கிறாள் என்று நினைத்தேன். நூலில் படித்த விடுதலை இப்படித்தான் வரும் என்று என் புத்தி சொன்னது.

அடுத்த வாரம் அடுப்படியில் கூடமாட நின்றேன். ஆணத்தைச் சுவை பார்க்கச் சொன்னார். உப்பே இல்லை. சொன்னேன்.

"அதுக்குத்தான் தனியா வைக்கிறேன். சேகு காக்காவுக்குப் பிரஷர் இருக்கு. உப்பு ஆவாது. நெய்யும் பேருக்குத்தான்."

அன்று சலாமுக்குப் பதில் சொன்ன கையோடு திரைக்கு வெளியே கேட்கும்படி, "மாத்திரை போட்டீங்களா காக்கா? வெயில்ல நடக்காதீங்க" என்றார். "போட்டேன், போட்டேன்" என்று வெளியிலிருந்து ஒரு முனகல் வந்தது. அதற்குப் பிறகுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. லாத்தா அவர் சாவுக்காகக் காத்திருக்கவில்லை. அவரைச் சாகவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சேகு காக்கா மூச்சுவிடும்வரை ஹமீதும் எங்கோ மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, தேங்காய் துருவும் சாக்கில் குனிந்துகொண்டேன்.

சேகு காக்காவைக் கடையில் போய்ப் பார்த்தேன். செல்போனில் பதிவு செய்யட்டுமா என்றதற்கு வேண்டாம் என்று கையசைத்தார்.

"நான் மவுத்தானா அவனும் மவுத்து. ரெண்டு உசுர ஒருத்தன் சொமக்கேன் தாயி. ஒரு காச்சல் வந்து நிம்மதியாப் படுக்க முடியுதா?"

சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இன்னொன்னு. இப்பல்லாம் அந்த வாசல்ல நின்னு சலாம் சொன்னா, வாயிலருந்து வர்றது எங்குரல் மாதிரியே இல்ல. அவன் கொஞ்சம் இழுத்துச் சொல்லுவான். இப்ப எனக்கும் அப்பிடித்தான் வருது. நான் வேணும்னு செய்யல."

லாத்தாவுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். "அவுகளுக்குத் தெரியாமலா?" என்றவர், வந்த ஆளுக்குத் தெர்மகோல் எடுத்துக் கொடுக்கப் போய்விட்டார்.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் சேகு காக்கா இறந்துபோனார். தூக்கத்திலேயே போய்விட்டதாகச் சொன்னார்கள். புதன்கிழமை அடக்கம் முடிந்தது. செய்தி கேட்டு, வேறொரு கள வேலையாகக் கடலாடியில் இருந்த நான் கிடைத்த பஸ்ஸைப் பிடித்து ஓடினேன். லாத்தா அழவில்லை. என்னைப் பார்த்து, "சாப்ட்டியா புள்ள?" என்று மட்டும் கேட்டார். வெள்ளிக்கிழமை காலையில் எப்போதும்போல அரிசி களைந்தார், ரம்பை இலையை முடிச்சுப் போட்டுச் சட்டியில் போட்டார். தனியாக உப்பில்லாத ஆணமும் வைத்தார்.

ஜும்ஆ முடிந்ததும் ஹமீதின் தம்பியும் ஜமாஅத்துப் பெரியவர்கள் இரண்டு பேரும் வந்து முன்னறையில் உட்கார்ந்தார்கள். தெருக்கதவு அகலத் திறந்திருந்தது. திரைக்கு உள்ளே லாத்தாவும் நானும்.

"மதினி, சேகு காக்காவும் போய்ட்டாங்க" என்றார் தம்பி. "நீங்க சொன்ன கணக்குத்தான். இனி அண்ணனோட செட்டுல யாருமில்ல. ஒரு வார்த்த சொல்லிட்டிங்கன்னா எல்லாருக்கும் நல்லது."

லாத்தா தலைமுக்காட்டைச் சரிசெய்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது கேட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

கொஞ்சம் இழுத்து, களைத்துப்போய் வந்தவர் சொல்கிற மாதிரி. என் காதால் கேட்டேன். இன்றைக்கு வரை இதில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. லாத்தாவின் முகம் அப்படியே தளர்ந்தது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று கேட்ட பெண்ணின் முகத்தில்தான் அப்படி ஒரு தளர்வைப் பார்த்திருக்கிறேன்.

"வ அலைக்குமுஸ்ஸலாம்" என்றார், வீடே கேட்கும்படி.

"யாருக்கு மதினி பதில் சொல்றீங்க? இங்கன யாரும் வரலையே" என்றார் தம்பி.

தெருக்கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். வாசலில் யாராவது சொல்லியிருந்தால் முதலில் அவர்களுக்குத்தான் கேட்டிருக்கும். அவர்களுக்குக் கேட்கவில்லை, எங்களுக்குக் கேட்டது. அப்படியானால் குரல் முன்வாசலிலிருந்து வரவில்லை. எங்கள் முதுகுக்குப் பின்னால், கிணற்று முற்றம் இருக்கிற பக்கமிருந்து, கடலிருக்கும் பக்கமிருந்து வந்திருக்கிறது. இது புரிந்ததும் என் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. லாத்தா என் மணிக்கட்டைப் பிடித்தார். கை சுட்டது.

"திரும்பிப் பாக்காத. பாத்தா யாருன்னு தெரிஞ்சுபோவும்."

வயதில் மூத்த ஜமாஅத்துக்காரர் எழுந்துகொண்டார். "வாங்க போவோம்" என்றார். தம்பி ஏதோ முணுமுணுக்க, "இந்தப் பேச்ச நம்ம எடுக்க வேணாம்பா" என்று அவர் தோளைப் பிடித்து அழைத்துப் போனார். அதன்பிறகு அவர்கள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. தூக்குச் சட்டி முன்னறையில் சாயங்காலம்வரை இருந்தது. பிறகு லாத்தா அதை எடுத்துப் பின்கதவைத் திறந்து வெளியே வைத்துவிட்டு வந்தார்.

பின்சந்தில் போன யாரோ, யாருக்கோ சொன்ன சலாமாக இருக்கலாம். ஆய்வாளராக எனக்கு அப்படித்தான் எழுதத் தோன்றியது. எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். பேராசிரியர் "இந்த வீட்டுக் கேஸ் எப்படி முடிஞ்சது?" என்று கேட்டபோது "நிலுவையில இருக்கு சார்" என்றேன். ஆய்வேட்டிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. அதைவிடச் சரியான சொல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

லாத்தா அதற்குப் பிறகு சில வருடங்கள் இருந்தார். வெள்ளைத் துணி உடுத்தவே இல்லை. ஹமீதின் மனைவியாகவே கண்ணை மூடினார். செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது, முகம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

ரம்பை இலையைப் போட்டுவிட்டு ஓடிய மறுநாள், மனசு கேட்காமல் அந்த ஊருக்குப் பஸ் ஏறினேன். யோசித்துப் பார்த்தால் அன்றும் வெள்ளிக்கிழமை. பஸ் நிறுத்தத்தில் தெர்மகோல் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. நீளவீடுகள் ஒன்றுகூட இல்லை. லாத்தாவின் வீட்டை இடித்து அள்ளிவிட்டு, சுற்றிலும் சுவர் வைத்துத் தகரக் கதவு போட்டிருந்தார்கள். அது சாத்தியிருந்தது, பூட்டில்லை. உள்ளே போனேன். முன்னறை எது, திரை தொங்கியது எங்கே, எதுவும் தெரியவில்லை. கிணற்றை மட்டும் தூர்க்காமல் மேலே பலகை போட்டு மூடியிருந்தார்கள். அதற்கு அப்பால் சந்து, கடல்.

தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் கலைந்து போகிற சத்தம் கேட்டது. கிணற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு காத்திருந்தேன். எந்தக் குரலும் வரவில்லை. சலாம் சொல்ல சேகு காக்கா இல்லை, பதில் சொல்ல லாத்தா இல்லை, ஹமீது இருக்கிறாரா என்று கேட்க ஊரில் இனி யாருமே இல்லை. ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்தாலும் சலாம் சொல்ல வேண்டும் என்று லாத்தா சொல்லுவார். அது நினைவுக்கு வந்தது. தொண்டையடி எழுத்து வராத என் அரபியில், கடலைப் பார்த்துத் திரும்பாமலே, உரக்க ஒரு சலாம் சொன்னேன்.

பதில் வருகிறதா என்று கேட்க நிற்கவில்லை. தகரக் கதவைக்கூடச் சாத்தாமல், திரும்பிப் பார்க்காமல், பஸ் நிறுத்தம்வரை வேகமாக நடந்தேன்.